புது போன் இப்போதா, அடுத்த மாடல் வந்த பிறகா?

"இன்னும் கொஞ்ச நாள்ல புது மாடல் வருதாமே, இப்போ ஏன் வாங்குறீங்க?" போன் மாற்றப்போகிறேன் என்று வாய்திறந்த யாரும் இந்தக் கேள்விக்குத் தப்புவதில்லை. கேட்பவர் சொல்வதும் பொய்யில்லை. வருடத்தின் எந்த நாளில் கேட்டாலும் ஏதோ ஒரு புது மாடல் வாசலில் நின்றுகொண்டுதான் இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் சாம்சங்கின் கேலக்ஸி எஸ் வரிசை. ஜூலையில் அதே நிறுவனத்தின் மடிக்கும் போன்கள். ஆகஸ்டில் கூகுள் பிக்சல். 2023 வரை அது அக்டோபரில் வந்துகொண்டிருந்தது. செப்டம்பரில் ஐபோன். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ குவால்காம் நிறுவனம், போனின் மூளையான தன் உயர்ரக ஸ்னாப்டிராகன் சிப்பை அறிவிக்கும். அதைப் பொருத்திய சீன நிறுவனங்களின் போன்கள் அடுத்த சில வாரங்களில் முதலில் சீனாவிலும் பிறகு மற்ற நாடுகளிலும் வரிசைகட்டும். அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் மறுபடி ஜனவரி.

"புதுசு வரப்போகுது" என்பது மட்டுமே காரணமென்றால் யாரும் எந்தக் காலத்திலும் போன் வாங்கவே முடியாது. இலவு காத்த கிளி ஆக வேண்டியதுதான். அதற்காகக் காத்திருப்பதே வீண் என்றும் சொல்லமாட்டேன். சில வருடங்களில், சில மாடல்களுக்காகப் பொறுத்திருந்தவர்கள் நன்றாகவே பலன் பார்த்திருக்கிறார்கள். எந்தச் சூழலில் பொறுக்கலாம், எதில் பொறுக்கக்கூடாது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில், இதை இரண்டு வழிகளுக்கு இடையிலான தேர்வாகப் பார்ப்பதை விட்டுவிடலாம். நான்கு வழிகள் இருக்கின்றன. இப்போது சந்தையில் இருக்கும் புது மாடலை வாங்கலாம். அடுத்தது வரும்வரை பொறுத்து அதையே வாங்கலாம். அடுத்தது வந்ததும் விலை இறங்கும் இன்றைய மாடலை வாங்கலாம். எதையும் வாங்காமல், இருக்கும் போனுக்குப் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு ஓட்டலாம். பேச்செல்லாம் முதல் இரண்டைப் பற்றித்தான் நடக்கிறது. பெரும்பாலானவர்களுக்குச் சரிப்பட்டு வருவது பின்னிரண்டு என்பது என் கணிப்பு.

கையில் இருக்கும் போன் என்ன சொல்கிறது

வரப்போகும் மாடலின் வதந்திகளைப் படிப்பதற்கு முன் கையில் இருப்பதைப் பரிசோதியுங்கள். முடிவில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

முதல் சோதனை, பாதுகாப்பு அப்டேட். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் போய், போனைப் பற்றிய பக்கத்தில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதியிட்டது என்று பாருங்கள். ஓரிரு மாதப் பழையதென்றால் கவலையில்லை. ஒரு வருடத்துக்கு மேலாகியும் எதுவும் வரவில்லை, நிறுவனமும் ஆதரவு முடிந்துவிட்டதாக அறிவித்துவிட்டது என்றால், அந்தப் போனில் வங்கிச் செயலி வைத்திருப்பவருக்கு அடுத்த மாடல் பற்றிய ஆராய்ச்சியே தேவையில்லை. அவர் வாங்க வேண்டியவர். அப்டேட் நின்ற போன் மறுநாளே வேலைசெய்யாமல் போவதில்லை என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. எல்லாம் வழக்கம்போலவே ஓடும். ஓட்டைகள் மட்டும் அடைபடாமல் சேர்ந்துகொண்டே போகும்.

செயலிகளும் ஒரு கட்டத்தில் கைவிடும், ஆனால் அதற்கு நாம் பயப்படும் அளவுக்கு அவசரம் கிடையாது. வாட்ஸ்அப் 2025 ஜனவரியில்தான் ஆண்ட்ராய்டு 4.4-ஐக் கைவிட்டது, அந்தப் பதிப்பு வந்தது 2013-ல். 2025 மே மாதம் முதல் ஐபோன்களில் அவற்றின் அடிப்படை மென்பொருளான ஐஓஎஸ் குறைந்தபட்சம் 15.1 பதிப்பாக இருக்க வேண்டும் என்றது. ஆகவே செயலி வேலைசெய்கிறதே என்பதை வைத்துப் போன் பாதுகாப்பாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. இரண்டும் வேறு வேறு கடிகாரங்கள்.

இரண்டாவது சோதனை, பேட்டரி. போன் மெதுவாகிவிட்டது, மாலைக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது, 20 சதவீதம் காட்டும்போதே திடீரென்று அணைந்துவிடுகிறது என்ற புகார்கள் எல்லாம் "புது போன் வேண்டும்" என்ற ஒரே வாக்கியமாக மாறிவிடுகின்றன. இவற்றில் பல பேட்டரியின் வேலை. லித்தியம் அயனி பேட்டரி ஒவ்வொரு சார்ஜ் சுழற்சியிலும் கொஞ்சம் கொள்ளளவை இழக்கிறது. 100 சதவீத அளவு சார்ஜைச் செலவழித்தால் அது ஒரு சுழற்சி; இன்று 60, நாளை 40 என்று செலவழித்தாலும் சேர்த்து ஒன்றுதான். ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 சுழற்சிக்குப் பிறகு மூலக் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்கிறது ஆப்பிள். ஐபோன் 15 முதல் இது 1000 சுழற்சி. நாளொன்றுக்கு ஒரு சுழற்சி என்று வைத்தால் 500 என்பது ஒன்றரை வருடத்துக்குள் முடிந்துவிடும். நிறையப் பயன்படுத்துபவரின் இரண்டு வருடப் போன் சோர்ந்து தெரிவதில் ஆச்சரியமே இல்லை.

பேட்டரிக்கும் வேகத்துக்கும் உள்ள உறவை உலகமே அறிந்துகொண்டது 2017 டிசம்பரில். பழைய பேட்டரி கொண்ட ஐபோன்கள் திடீரென அணைந்துபோகாமல் இருக்க, அவற்றின் சிப் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்து வந்ததை ஆப்பிள் அப்போது ஒப்புக்கொண்டது. பிறகு மன்னிப்புக் கேட்டு, 2018 முழுக்கப் பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தது. பேட்டரியை மாற்றியதும் அந்த போன்கள் பழைய வேகத்துக்குத் திரும்பின. போன் மெதுவாகிவிட்டதே என்று அதற்குமுன் புதிதாக வாங்கிவிட்டவர்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு பேட்டரிதான்.

அப்டேட் இன்னும் இரண்டு வருடமாவது மிச்சம் இருக்கிறது, திரை உடையவில்லை, ஸ்டோரேஜ் போதுகிறது, குறை பேட்டரியில் மட்டும்தான் என்றால் நான்காவது வழியை யாரும் தோற்கடிக்க முடியாது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மாற்றுங்கள். விலை குறைவு என்று பெயர் தெரியாத பேட்டரியைப் பொருத்தினால் மிச்சமும் போகும், நிம்மதியும் போகும். அப்டேட் ஏற்கனவே முடிந்த போனுக்குப் பேட்டரி மாற்றுவதில் அர்த்தமில்லை. பேட்டரி உப்பி, பின்பக்க மூடியோ திரையோ தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு அந்தப் போனை அணைத்துவையுங்கள். சார்ஜ் போடாதீர்கள். உப்பிய பேட்டரியோடு எந்த மாடலுக்காகவும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக்கூடாது.

ஸ்டோரேஜ் நிரம்பியதால் மட்டும் போன் திணறுவதும் உண்டு. படங்களையும் வீடியோக்களையும் வேறிடத்தில் சேமித்துவிட்டு, சில ஜிபி இடம் விட்டு, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். ஒன்றும் செலவில்லாத சோதனை என்பதால்தானோ என்னவோ யாரும் செய்வதில்லை.

காத்திருந்தால் உண்மையில் என்ன கிடைக்கிறது

போன் பரிசோதனையில் தேறிவிட்டது, அவசரமில்லை, ஆனாலும் புதிது வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அப்போதுதான் காத்திருப்பதைப் பற்றி யோசிக்கவே தகுதி வருகிறது.

ஒரு மாடலுக்கும் அதன் அடுத்த மாடலுக்கும் உள்ள வித்தியாசம் வருடாவருடம் ஒரே அளவில் இருப்பதில்லை. 2020-ல் வந்த கேலக்ஸி எஸ்20 அல்ட்ராவின் பேட்டரி 5000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு). 2025-ல் வந்த எஸ்25 அல்ட்ராவிலும் அதே 5000. சார்ஜிங் வேகமும் இரண்டிலும் அதே 45 வாட். பேட்டரிக்காக இந்த வரிசையில் ஒவ்வொரு வருடமும் "அடுத்ததில் கூடும்" என்று காத்திருந்தவர் ஐந்து வருடம் காத்திருந்திருப்பார். அதே காலத்தில் ஒன்பிளஸ் வரிசையைப் பாருங்கள்: 12-ல் 5400, 13-ல் 6000, 2025 இறுதியில் வந்த 15-ல் 7300. பேட்டரியின் எதிர்மின்முனையில் வெறும் கிராஃபைட்டுக்குப் பதிலாக சிலிக்கான் கலந்த கார்பனைப் பயன்படுத்தும் முறைக்கு மாறியதுதான் இந்தத் தாவலுக்குக் காரணம். அதே அளவு இடத்தில் கூடுதல் ஆற்றலை அடைக்க முடிகிறது. பேட்டரிதான் உங்கள் குறை என்றால், எந்த மாடலுக்குக் காத்திருப்பது என்பதைவிட எந்த வரிசைக்கு மாறுவது என்ற கேள்வி பயன் தரும்.

பொறுத்தவர்கள் ஜெயித்த வருடங்களும் உண்டு. ஐபோன் 15 தன் சார்ஜிங் துளையை யூஎஸ்பி-சிக்கு மாற்றிய 2023 ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சார்ஜர் சட்டம் 2024 டிசம்பர் இறுதியில் அமலுக்கு வரும் என்பது முன்பே தெரிந்திருந்ததால், இந்த மாற்றத்தை வதந்திகளைப் படிக்காதவர்கூட ஊகித்திருக்கலாம். 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 ஏழு வருட ஓஎஸ் (போனின் அடிப்படை மென்பொருள்), பாதுகாப்பு அப்டேட் வாக்குறுதியோடு வந்தது. அதற்கு முந்தைய எஸ்23-க்கு நான்கு ஓஎஸ் பதிப்புகளும் ஐந்து வருடப் பாதுகாப்பு அப்டேட்டும்தான். அதற்குச் சில மாதங்கள் முன்பு பிக்சல் 8-லும் இதே ஏழு வருடத் தாவல் நடந்தது. 2025 செப்டம்பரில் சாதாரண ஐபோன் 17-க்கே 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும்) திரையும் 256 ஜிபி ஆரம்ப ஸ்டோரேஜும் கிடைத்தன. முந்தைய ஐபோன் 16-ல் 60 ஹெர்ட்ஸும் 128 ஜிபியும். ஆகஸ்டில் ஐபோன் 16 வாங்கியவர் வருத்தப்பட நியாயம் இருந்தது.

இந்த உதாரணங்களில் ஒரு ஒற்றுமை தெரிகிறது. கிடைத்த லாபமெல்லாம் வன்பொருள் அல்லது எழுத்துபூர்வமான ஆதரவுக் காலம். சிப் வேகம் பட்டியலிலேயே இல்லை. இன்றைய நடுத்தர விலைப் போனின் சிப்பே அன்றாட வேலைக்கு மிச்சம். "15 சதவீதம் வேகம் கூடும்" என்ற செய்திக்காக ஒரு மாதம் பொறுப்பதுகூட, கேம் விளையாடுவதே முழுநேர வேலை என்பவருக்குத்தான் பொருந்தும்.

மென்பொருள் வாக்குறுதிக்காகக் காத்திருப்பதும், அதை நம்பி வாங்குவதும் இரண்டுமே சூதாட்டம். 2024 ஜூனில் ஆப்பிள் தன் செயற்கை நுண்ணறிவு வசதிகளை அறிவித்தபோது, ஒன்பது மாதங்களுக்கு முன்பு வந்த சாதாரண ஐபோன் 15 அதற்கு வெளியே நின்றது. ஐபோன் 15 ப்ரோவும் அதற்குப் பின் வந்தவையும் மட்டும்தான் உள்ளே. ப்ரோவில் 8 ஜிபி ரேம் (செயலிகள் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்), சாதாரண மாடலில் 6. வாங்கிய நாளில் யாரும் கேட்டிருக்காத ஒரு எண், பிறகு வாசல்கதவாகிவிட்டது. அதே அறிவிப்பில் காட்டப்பட்ட, நம் சொந்தத் தகவல்களைப் புரிந்துகொண்டு வேலைசெய்யும் புதிய சிரியை (ஆப்பிளின் குரல் உதவியாளர்) முன்னிறுத்தித்தான் ஐபோன் 16 விளம்பரப்படுத்தப்பட்டது. 2025 மார்ச்சில் அது தள்ளிப்போகிறது என்று ஆப்பிளே அறிவித்தது. ஆகவே மேடையில் காட்டியதை விடுங்கள். பெட்டியைத் திறந்த அன்று என்ன ஓடுகிறதோ அதற்கு மட்டும் காசு கொடுங்கள். ரேமில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆண்ட்ராய்டில் நீண்ட காலம் வைத்திருக்கப்போகிறவர் 12 ஜிபிக்குக் குறையாமல் எடுப்பது நல்லது.

கசிவுகளை எவ்வளவு நம்புவது? வெளியீட்டுக்கு ஓரிரு மாதம் முன்பு வரும் உருவம், திரை அளவு, கேமரா எண்ணிக்கை பற்றிய செய்திகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. உறை தயாரிப்பவர்களுக்கு அளவுகள் முன்கூட்டியே தேவைப்படுகிறது, உதிரிபாகங்கள் பல கைகள் மாறி வருகின்றன, ரகசியம் தங்குவதில்லை. விலை அப்படியில்லை. அதைக் கடைசி வாரத்தில்கூட மாற்ற முடியும். ஒரு வருடம் தள்ளி வரப்போவதாகச் சொல்லப்படும் போன்களைப் பற்றிய செய்தியை நான் பொழுதுபோக்குக்காக மட்டுமே படிப்பேன்.

நிறுவனங்களே வாய்திறந்து சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றலாம். சொல்லமாட்டார்கள். 1981-ல் தூக்கிச் செல்லக்கூடிய கணினி ஒன்றை விற்று வேகமாக வளர்ந்த ஆஸ்போர்ன் கம்ப்யூட்டர் என்ற அமெரிக்க நிறுவனம், 1983-ல் அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசப்போக, வாங்கவிருந்தவர்கள் எல்லாம் "அதுவே வரட்டும்" என்று நிறுத்திக்கொண்டார்கள் என்றும், அதனால் கையிருப்பு தேங்கியது என்றும் சொல்வார்கள். அதே வருடம் செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. வேறு காரணங்களும் இருந்தன என்று பிற்பாடு எழுதியவர்கள் உண்டு. ஆனாலும் இந்தத் துறையில் இன்றுவரை அது பாடமாகச் சொல்லப்படுகிறது. வாங்குபவர் காத்திருப்பது விற்பவருக்கு அவ்வளவு பயம்.

முந்தைய மாடல் என்ற மூன்றாம் வழி

புது மாடல் வந்த மறுநாள் நேற்றைய மாடல் கெட்டுப்போவதில்லை. விலை மட்டும் இறங்குகிறது. நியாயமாகப் பார்த்தால் காத்திருப்பதற்கான மிகச் சிறந்த காரணமே இதுதான்: புதிதை வாங்க இல்லை, புதிது வந்ததால் மலிவாகும் பழையதை வாங்க.

ஒரு விஷயத்தை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்டேட் காலம் நாம் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை. அந்த மாடல் உலகச் சந்தையில் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது. ஏழு வருட வாக்குறுதி கொண்ட போனை ஒரு வருடம் கழித்து வாங்கினால் கிடைப்பது ஆறு. இரண்டு வருடம் கழித்தால் ஐந்து. கடை விளம்பரங்களில் இந்தக் கழித்தல் இருக்காது.

விலையை மிச்சமுள்ள அப்டேட் வருடங்களால் வகுத்துப் பாருங்கள். புது மாடலின் விலை 100 பங்கு, ஆதரவு ஏழு வருடம் என்றால், வருடத்துக்குச் சுமார் 14.3 பங்கு. போன வருட மாடல் 90 பங்குக்குக் கிடைத்தால் ஆறு வருடத்துக்கு வகுத்து 15. தள்ளுபடி போலத் தெரிந்தாலும் வருடக் கணக்கில் அது விலை கூடுதல். 80 பங்குக்குக் கிடைத்தால் 13.3, இப்போது லாபம். எல்லைக்கோடு ஏறக்குறைய 86 பங்கில் இருக்கிறது. இரண்டு வருடப் பழைய மாடல் என்றால் 71 பங்குக்குக் கீழே வர வேண்டும்.

இந்தக் கணக்கு விலை குறைந்த போன்களில்தான் கடிக்கிறது. நான்கு வருட ஆதரவு மட்டுமே உள்ள போனில் ஒரு வருடம் கழிந்துவிட்டால் ஆயுளில் கால்வாசி போய்விட்டது. 25 சதவீதத்துக்கு மேல் விலை இறங்கினால்தான் அது தள்ளுபடி. எத்தனை வருட ஆதரவு என்று எங்கேயும் தெளிவாக எழுதியிராத போன்களும் நிறைய உண்டு. எழுதவில்லையென்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2024-ல் வந்த கேலக்ஸி ஏ16 போன்ற எளிய போனுக்கே ஆறு வருட அப்டேட் வாக்குறுதி கிடைக்கும்போது, விலை குறைவு என்பது சாக்காக முடியாது.

மூன்று, நான்கு வருடத்தில் எப்படியும் மாற்றிவிடுவேன் என்பவருக்கு வகுத்தல் கணக்கே வேண்டாம். ஆறு வருடம் இருந்தாலும் ஏழு இருந்தாலும் அவர் முழுதாகப் பயன்படுத்தப்போவதில்லை. அவர் போன வருட உயர்ரக மாடலை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போகலாம். இந்த வருட நடுத்தர மாடலும் போன வருட உயர்ரக மாடலும் ஒரே விலையில் நின்றால் நான் யோசிக்காமல் இரண்டாவதை எடுப்பேன். நல்ல கேமரா சென்சார், உறுதியான கட்டமைப்பு, நீர் புகாத் தன்மை இவையெல்லாம் ஒரு வருடத்தில் பழசாவதில்லை.

பிராண்டுக்குத் தக்கபடி இந்த வழியின் பலன் மாறும். ஆண்ட்ராய்டு போன்கள் பொதுவாக வெளியான சில மாதங்களிலேயே விலை இறங்கத் தொடங்கிவிடும். அடுத்த மாடல் வரும்வரை காத்திருக்கக்கூட வேண்டியதில்லை. ஐபோன் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. செப்டம்பரில் புதிது வந்ததும் ஆப்பிள் முந்தைய சாதாரண மாடலின் விலையைக் குறைத்துத் தொடர்ந்து விற்கும். ப்ரோ மாடல்களைத் தன் கடையிலிருந்து எடுத்துவிடும். போன வருட ப்ரோதான் வேண்டும் என்பவர் மற்ற கடைகளில் மிஞ்சியிருக்கும் இருப்பைத்தான் தேட வேண்டும். விரும்பிய நிறமும் ஸ்டோரேஜும் கிடைப்பது அதிர்ஷ்டம். அப்படி வாங்கும்போது பெட்டி முத்திரை உடையாததா, வாரண்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்கும் என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

விலை கட்டாயம் இறங்குமா

"எலக்ட்ரானிக்ஸ் சாமான், நாள் போகப் போக விலை குறையும்" என்பதைப் பல வருடமாக நம்பி வந்திருக்கிறோம். ஒரே மாடலைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. ஆனால் அடுத்த மாடல் இன்றைய மாடலின் விலையிலேயே வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 2025-ன் பிற்பகுதியில் நினைவகச் சிப்களின் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகத்தை வாங்கிக் குவிக்க, தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். போனுக்கு ரேமும் ஸ்டோரேஜும் அதே ஆலைகளிலிருந்துதான் வர வேண்டும். இப்படிப்பட்ட காலத்தில் அடுத்த மாடல் விலை கூடி வரலாம், அல்லது அதே விலையில் ரேம் குறைந்து வரலாம். இரண்டாவதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள். உதிரிபாக விலை ஏறிக்கொண்டிருக்கும் வருடத்தில், தேவை இருப்பவர் மலிவை எதிர்பார்த்துத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

சட்டங்களுக்காகக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் அமலான விதிகளின்படி, அங்கே புதிதாக விற்கப்படும் போனின் பேட்டரி 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதத்தைத் தக்கவைக்க வேண்டும். அந்த மாடலின் விற்பனை முடிந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருடம் ஓஎஸ் அப்டேட் கிடைக்க வேண்டும். முக்கிய உதிரிபாகங்கள் ஏழு வருடம் கிடைக்க வேண்டும். 2027 பிப்ரவரியில், பயன்படுத்துபவரே பேட்டரியை மாற்றிக்கொள்ளும்படி வடிவமைக்க வேண்டும் என்ற விதியும் வருகிறது. அதற்கு விலக்குகளும் உண்டு. இவை நல்ல செய்திகள். உலகம் முழுக்க ஒரே வடிவமைப்பில் விற்கும் நிறுவனங்கள் இருப்பதால் பலன் மற்றவர்களுக்கும் கசியும். ஆனால் போன் திணறிக்கொண்டிருக்கும் ஒருவர் இதற்காகப் பொறுப்பதற்கு, விலக்குப் பட்டியலில் தான் விரும்பும் மாடல் இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

6ஜி? தரநிலைகளே 2030-ஐ ஒட்டித்தான் எதிர்பார்க்கப்படுகின்றன. அதை மறந்துவிடலாம்.

வெளியான அன்றே வாங்குவது

காத்திருந்து அடுத்த மாடலையே வாங்குவது என்று முடிவெடுத்தவர்கள், இன்னும் சில வாரங்களையும் சேர்த்துப் பொறுத்தால் நல்லது. கேலக்ஸி நோட் 7-ஐ விட இதற்குப் பெரிய சாட்சி வேண்டாம். 2016 ஆகஸ்டில் பெரும் பாராட்டுகளோடு விற்பனைக்கு வந்தது. பேட்டரி தீப்பிடித்ததால் செப்டம்பர் தொடக்கத்தில் திரும்பப் பெறப்பட்டது. மாற்றிக் கொடுத்தவையும் எரிந்தன. அக்டோபரில் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. முன்பதிவு செய்து முதல் நாளே வாங்கியவர்கள் விமான நிலையங்களில் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஏற முடியாமல் நின்றார்கள்.

இவ்வளவு மோசமாக எல்லா முறையும் நடக்காது. சூடாவது, கேமரா செயலி நடுவில் நின்றுபோவது போன்ற சின்னச் சின்னக் கோளாறுகள் முதல் மாதத்தில் வெளிவந்து, இரண்டாவது மாத அப்டேட்டில் சரியாவதுதான் வழக்கம். முதல் நாள் விமர்சனங்கள் பெரும்பாலும் ஒரு வாரப் பயன்பாட்டில் எழுதப்பட்டவை. பேட்டரி நீடிப்பைப் பற்றி அவற்றுக்கு அதிகம் தெரியாது. முன்பதிவுச் சலுகையாக இரட்டை ஸ்டோரேஜ் போன்ற உருப்படியான ஒன்று கிடைத்தால் மட்டும் இந்த விதியைத் தளர்த்தலாம். இலவச இயர்போனுக்காகத் தளர்த்த வேண்டாம்.

மடிக்கும் போன்களில் கதை வேறு. அந்த வகை இன்னும் வேகமாக மாறிக்கொண்டிருப்பதால் ஒவ்வொரு தலைமுறையிலும் கீலின் உறுதி, தடிமன், மடிப்புக் கோடு எல்லாம் கண்கூடாக முன்னேறுகின்றன. அதில் ஆசை உள்ளவர் ஒரு தலைமுறை பொறுத்தால் பலன் நிச்சயம் தெரியும். தட்டைப் போன்களில் பத்து வருடம் முன்பு இருந்த நிலை அது.

யார் பொறுக்கலாம்

மூன்றும் சேர்ந்து இருந்தால் பொறுங்கள் என்பேன்: கையில் உள்ள போன் சோதனையில் தேறியிருக்க வேண்டும், அடுத்த மாடல் இரண்டு, மூன்று மாதத்துக்குள் வரும் என்பது அந்த வரிசையின் வழக்கத்திலிருந்து தெரிய வேண்டும், அதில் வரப்போகும் எந்த ஒரு மாற்றத்துக்காகப் பொறுக்கிறீர்கள் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். "கேமரா இன்னும் நல்லா இருக்கும்" என்பது அந்த வாக்கியம் ஆகாது. "சாதாரண மாடலுக்கும் தூரத்தில் இருப்பதை நெருக்கமாக எடுக்கும் டெலிஃபோட்டோ லென்ஸ் வருமாம்" என்பது ஆகும். மூன்றில் ஒன்று குறைந்தாலும், இன்று சந்தையில் இருப்பவற்றில் தேர்ந்தெடுப்பதே மேல்.

அறிமுக விழாவின் தேதியை மட்டும் பார்த்துக் கணக்குப் போடவும் வேண்டாம். முதல் கட்ட நாடுகளின் பட்டியலில் உங்கள் நாடு இல்லையென்றால் இன்னும் சில வாரம், சீன மாடலின் உலகப் பதிப்பு என்றால் சில மாதம் கூடும். ஐபோனின் விரும்பப்படும் நிறங்களுக்கு முதல் மாதத்தில் வரிசை நீளும். "இரண்டு மாதம்" என்று தொடங்கியது சத்தமில்லாமல் ஐந்தாகிவிடும்.

பெற்றோருக்கோ தாத்தா பாட்டிக்கோ வாங்குபவர்களுக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. பெரிய திரை, தெளிவான ஒலி, நீண்ட அப்டேட் காலம் இருக்கும் எதையாவது இன்றே வாங்கிக் கொடுங்கள். அவர்கள் பழகுவதற்குத்தான் நேரம் வேண்டும். அதை மாடலுக்காகக் காத்திருந்து செலவழிப்பது நியாயமில்லை. போனை வைத்தே தொழில் செய்பவர்களும் அப்படித்தான். வண்டி ஓட்டும்போது வரைபடம் நின்றுபோவதும் வாடிக்கையாளரின் அழைப்பு துண்டிக்கப்படுவதும் எந்தப் புது கேமராவாலும் ஈடுகட்ட முடியாத இழப்பு.

பழைய போனை விற்கவோ எக்ஸ்சேஞ்ச் செய்யவோ நினைப்பவர்களுக்கு நேரம் வேறு மாதிரி ஓடுகிறது. புது மாடல் அறிவிக்கப்பட்டதும் முந்தைய தலைமுறைகளின் மறுவிற்பனை மதிப்பு இறங்கும். ஆகவே விற்பது அறிவிப்புக்கு முன்பும் வாங்குவது அறிவிப்புக்குப் பிறகும் என்று பிரித்துக்கொண்டால் இரண்டு பக்கமும் கொஞ்சம் மிஞ்சும். இடைப்பட்ட நாட்களை ஓட்ட வீட்டில் ஒரு பழைய போன் இருக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் பேக்கப் எடுத்து, கூகுள் கணக்கிலிருந்தோ ஆப்பிள் கணக்கிலிருந்தோ வெளியேறி, இ-சிம்மைப் புதுப் போனுக்கு மாற்றி, அதன்பிறகு அழியுங்கள். இரண்டடுக்குப் பாதுகாப்புக் குறியீடு தரும் செயலி பழைய போனில் இருந்தால், அந்தக் கணக்குகள் புதியதில் சரியாகத் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக உள்நுழைந்து பார்க்கும்வரை பழைய போனை அழிக்கவும் வேண்டாம், யாரிடமும் கொடுக்கவும் வேண்டாம்.